இரண்டாவது ஓட்டை

அச்சங்குளத்தில் என் அத்தை வீட்டுச் சமையலறையில் 2023 மே மாதம் ஒரு தொட்டி வைத்தேன். பாத்திரம் கழுவுகிற தொட்டி. சிங்க் என்றுதான் அங்கும் சொல்கிறார்கள். இதைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கக்கூடியவர்கள் எனக்குத் தெரிந்து நாலு பேர் இருக்கிறார்கள். நம் பத்திரிகை போய்ச் சேருகிற ஆட்களின் தொகைக்கு நாலு பேர் என்பது கணிசமான சதவிகிதம். அவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். 2024-ல் நான் எழுதி, உங்களில் இரண்டு பேர் கடிதம் போட்டுப் பாராட்டிய ஒரு கவிதை இந்தத் தொட்டியிலிருந்து வந்தது. அது தவறான கவிதை. மோசமான கவிதை என்று நான் சொல்லவில்லை. அதை மற்றவர்கள் சொல்லட்டும். தவறான கவிதை. அதில் இருந்த தகவல் பிழை.

அச்சங்குளம் சாத்தூருக்கு அந்தண்டை, ஏழாயிரம்பண்ணைப் பக்கம். கரிசல் பூமி. மழை பெய்தால் பசை, வெயில் காய்ந்தால் கை நுழைகிற வெடிப்பு. மழையை நம்பி வெள்ளாமை செய்ய முடியாத ஊர்களில் தீப்பெட்டி ஆபீசும் பயராபீசும் வந்தன. பட்டாசு ஆலையை அங்கே ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள்; இந்தச் சொல்லின் கேலி யாருக்கும் உறைப்பதில்லை. அத்தை இருபத்தெட்டு வருஷம் ஆபீஸ் போனாள். காலையில் வேன் வரும், தூக்குச்சட்டியோடு ஏறுவாள். சரவெடி பின்னுகிற வேலை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, திரியைப் பிடித்து, வெடிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்துக்கொண்டே போவது. கடைசியில் முழங்கால் இரண்டும் போயிற்று. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, எழுந்தால் உட்கார முடியாது.

அதனால்தான் தொட்டி. அதற்கு முன்னால் வீட்டின் பின்புறம் ஒரு கல் கிடந்தது. அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துதான் பாத்திரம் தேய்க்க வேண்டும். தண்ணீர் ஒரு மண்வாய்க்காலில் ஓடி வாழைக்குப் போகும். அங்கணம் என்பது அந்த இடத்துக்குப் பெயர். வள்ளுவர் அவையறிதலின் கடைசிக் குறளில் இந்தச் சொல்லை வைத்திருக்கிறார், தன் இனமல்லாதவர் முன்னால் பேசுவது பற்றி. சிறுபத்திரிகைக்காரர்கள் ஆறுதலுக்கு எடுத்துக்கொள்ளத் தோதான குறள். நான் சொல்ல வந்தது வேறு. அங்கணத்தில் தண்ணீருக்கும் காற்றுக்கும் தகராறே இல்லை. மேலே முழு வானமும் திறந்து கிடக்கிறது. தண்ணீரைக் குழாய்க்குள் அடைத்த பிறகுதான் காற்று என்று ஒன்று இருப்பதே தெரிய வருகிறது.

நான் சென்னையிலிருந்து வந்து மூன்று நாளில் அத்தையின் வாழ்க்கையை நவீனப்படுத்தினேன். கடப்பாக்கல் மேடை, அதில் எவர்சில்வர் தொட்டி, அதன் அடியில் வெள்ளை நெளிகுழாய், அது சுவரைத் துளைத்து வெளியே போய் நாலடி கீழே இறங்கி ஒரு பிவிசி குழாயில் சேருகிறது. எங்கே கொண்டுபோய் விடுவது என்பதில்தான் பிரச்சினை வந்தது. தெருச் சாக்கடை வீட்டுத் தரையைவிட உயரம். உறிஞ்சுகுழி தோண்டலாம் என்றேன்; கொத்தனார் சிரித்தார். கரிசல் ஒருதரம் நனைந்து ஊதிவிட்டால் பிறகு தண்ணீரைக் குடிக்காது, குழி நிரம்பியே நிற்கும். கடைசியில் பின்பக்கம் கழிப்பறைக்காகக் கட்டியிருந்த செப்டிக் டேங்கிலேயே இணைத்துவிட்டோம். அத்தைக்கு இது பிடிக்கவில்லை. சோறு ஆக்குகிற இடத்துக்கும் அந்த இடத்துக்கும் ஒரே குழாயா என்று கேட்டாள். நான் விஞ்ஞானம் பேசினேன். நடுவில் தண்ணீர் நின்று தடுக்கும் அத்தை, ஒன்றும் ஏறி வராது என்றேன்.

அந்தத் தண்ணீரைப் பற்றி நான் சொன்னது சரிதான். தொட்டிக்கு அடியில் குழாய் ஒரு வளைவாகத் தாழ்ந்து ஏறும். அந்த வளைவில் எப்போதும் இரண்டு அங்குலம் தண்ணீர் தங்கி நின்று, கீழே இருக்கிற வாயுவை மேலே விடாமல் மறிக்கும். 1775-ல் லண்டனில் அலெக்ஸாண்டர் கமிங் என்கிற கடிகாரக்காரர் கழிப்பறைக்காக இந்த வளைவுக்குக் காப்புரிமை வாங்கினார். கடிகாரம் செய்கிறவனுக்குத்தான் இது தோன்றும் என்று நினைக்கிறேன். கதவு இல்லை, தாழ்ப்பாள் இல்லை. போகிற தண்ணீரில் கொஞ்சம் பின்தங்கி நின்று அதுவே கதவாகிவிடுகிறது. அத்தை வீட்டில் அந்த வளைவுகூட முறையாக இல்லை. நெளிகுழாயை ஒரு சுருளாக மடக்கிக் கம்பியால் கட்டியிருந்தது. போதும் என்று சொன்னார்கள். நானும் போதும் என்று ஊருக்குத் திரும்பினேன்.

இனி கவிதைக்கு வருகிறேன்.

2021 பிப்ரவரி 12-ஆம் தேதி வெள்ளிக்கிழமை அச்சங்குளத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. இருபது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அதற்கு முன் பஸ் போர்டில் மட்டும் இருந்த ஊர்ப்பெயரை டெல்லிக்காரர்கள் தொலைக்காட்சியில் தப்பும் தவறுமாக உச்சரித்தார்கள். அத்தை அதற்கு வெகுநாள் முன்பே வேலையை விட்டுவிட்டாள். அந்தச் சத்தத்தைக் கொல்லையில், கல்லின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். கையில் இருந்த சட்டியை என்ன செய்தோம் என்று அவளுக்கு ஞாபகம் இல்லை. சாயங்காலம் வாய்க்காலில் கிடந்து எடுத்தாளாம். அதற்குமேல் அவள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

2024 பொங்கலுக்குப் பிறகு தொலைபேசியில் ஒரு புது விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தாள்.

“ஏய்யா, ராத்திரியில மருந்து வாடை அடிக்குதுய்யா.”

“எங்கேயிருந்து அத்தை?”

“அடுப்படியில இருந்து. முழிச்சு எந்திரிச்சுப் போயிப் பாப்பேன். ஒண்ணும் இருக்காது. கொஞ்ச நேரம் நின்னா வாடையும் தெரியாது. திரும்ப வந்து படுத்தா அடிக்கும்.”

கருமருந்து வாடை, வெடித்து ஓய்ந்த இடத்து வாடை என்று சொன்னாள். நான் உடனே புரிந்துகொண்டுவிட்டேன். புரிந்துகொள்வதில் நமக்கெல்லாம் ஒரு வேகம் இருக்கிறது. நினைவு, குற்றவுணர்வு, உயிர் தப்பியவர்களின் ஸ்திதி, பிரக்ஞையின் அடித்தளத்தில் புதைந்து ராத்திரியில் எழும்புகிற நாற்றம் இத்யாதி. எழுந்து தேடிப் போனால் மறைகிறது, படுத்தால் திரும்புகிறது என்கிற விவரம் எனக்கு அபாரமாகப் பட்டது. “மனசுதான் அத்தை” என்று அவளிடம் சொன்னேன். சாத்தூரில் ஒரு டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். அவர் தூக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான் கவிதை எழுதினேன். இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் போயிற்று. நாற்றம் என்கிற ஒரு சொல்லை அது நாற்றமாகவே இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ள எனக்கும் தோன்றவில்லை, கடிதம் போட்டவர்களுக்கும் தோன்றவில்லை.

2025 சித்திரையில் போனபோது முதல் ராத்திரியே கேட்டேன். முதலில் வாடை இல்லை, சத்தம். அத்தை தொட்டி நிறையப் பாத்திரம் கழுவி, ஊறப்போட்ட தண்ணீரை அடைப்பு எடுத்து விட்டாள். தண்ணீர் சுழித்து இறங்கி முடிகிற சமயம், தொண்டையில் எதுவோ சிக்கியவன் மூச்சை இழுப்பது மாதிரி ஒரு சத்தம். களக், களக், பிறகு நீளமாக ஓர் உறிஞ்சல். நடுராத்திரியில் எனக்கும் வாடை வந்தது. கெட்டுப்போன முட்டை. தீபாவளிக்கு மறுநாள் காலையில் ஈரம் இறங்கின தெருவில் இருக்குமே, அதுவும்தான். இரண்டும் ஒன்றே. கருமருந்தில் கந்தகம் இருக்கிறது. வெடியுப்போடும் கரியோடும் அது எரிந்து மிஞ்சுகிற சாம்பலில் ஈரம் பட்டால் ஹைட்ரஜன் சல்பைடு வரும். செப்டிக் டேங்கில் காற்றில்லாத இடத்தில் வாழுகிற கிருமிகள் செய்வதும் அதே ஹைட்ரஜன் சல்பைடைத்தான். அந்த வாயு நின்று முகர்ந்தால் மூக்கு சீக்கிரம் பழகி மரத்துப்போய்விடும். அதிகமானால் வாசனை தெரிகிற சக்தியையே கொன்றுவிடும். தெரியவில்லை என்று நினைத்துக் குழிக்குள் இறங்கினவர்கள்தான் செத்துப்போகிறார்கள். ஆளை இறக்கக்கூடாது என்று 2013-ல் சட்டம் வந்த பிற்பாடும் இறங்கிச் செத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆக, எழுந்து போய் நின்றால் வாடை மறைகிறது, திரும்பி வந்து படுத்தால் அடிக்கிறது என்று அத்தை சொன்னது எந்த ரசாயனப் புத்தகத்தோடும் ஒத்துப்போகிறது. இருபத்தெட்டு வருஷம் கந்தகத்தோடு பழகிய மூக்கு. அது வாயுவின் பெயரைச் சரியாகச் சொல்லியிருக்கிறது. நான் அதற்குப் படிமம் என்று பெயர் வைத்தேன்.

இந்த இடத்தில் 1858-ஆம் வருஷத்து லண்டனை நினைத்துக்கொண்டேன். அந்தக் கோடையில் தேம்ஸ் நாறி, நாடாளுமன்றத்துத் திரைச்சீலைகளைச் சலவைச் சுண்ணாம்புக் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். நாற்றம்தான் நோய் என்று அவர்களில் முக்கால்வாசிப் பேர் நம்பினார்கள். அது தவறு. ஆனால் அந்தத் தவறான தத்துவத்தை வைத்துக்கொண்டு சரியான சாக்கடை கட்டிவிட்டார்கள். எனக்குத் தத்துவத்தில் குறை ஒன்றுமில்லை.

பிளம்பர் தம்பி மறுநாள் வந்தான். இருபத்தைந்து வயசு இருக்கும். அவனும் பயராபீசில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவன். 2021-க்குப் பிறகு அவன் அம்மா போகக்கூடாது என்று அழுததால் குழாய் வேலைக்கு வந்திருக்கிறான். நெளிகுழாய்ச் சுருளைக் கழற்றிக் கவிழ்த்தான். இரண்டு சொட்டு வந்தது. வளைவில் நிற்க வேண்டிய தண்ணீர் இல்லை. யார் எடுத்தார்கள் என்றால், அதே தண்ணீர்தான். தொட்டி நிறைய இருப்பது ஒரேயடியாகக் குழாய் முழுவதையும் அடைத்துக்கொண்டு நாலடி கீழே விழும்போது அதற்குப் பின்னால் காற்று போக வழியில்லை. வெற்றிடம் உண்டாகிறது. அது எங்கேயிருந்தாவது காற்றை இழுக்கப் பார்க்கும்; வளைவில் நிற்கிற தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். காற்றுமண்டலம் பத்து மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைத் தாங்கி நிறுத்துகிற பலசாலி. இரண்டு அங்குலத் தண்ணீர் அதற்கு முன்னால் எம்மாத்திரம்; இருநூறில் ஒரு பங்கு அழுத்தம் கூடக்குறைய ஆனால் போதும், கதவு பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

தம்பி இதை இப்படிச் சொல்லவில்லை. அவன் சாத்தூரிலிருந்து பாட்டில் டிராப் என்று ஒன்றை வாங்கி வந்து மாட்டினான். பார்க்க லட்சணமாக இருந்தது. அன்று ராத்திரி அதையும் உறிஞ்சிவிட்டது. வலை போடலாம், பினாயில் ஊற்றலாம், தினமும் படுக்கும்போது ஒரு செம்புத் தண்ணீர் விட்டால் சரியாகிவிடும் என்று யோசனைகள் வந்தன. கடைசி யோசனை மோசமில்லை. ஆனால் அத்தைக்கு மாத்திரையோடு செம்பையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிவரும்.

நான் காற்றழுத்தம், சைஃபன் என்று தாளில் படம் போட்டு அவனுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அத்தை கட்டிலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

“ஏய்யா, எண்ணெய் டின்னுக்கு ரெண்டு ஓட்டை போடணும்ல?” என்றாள்.

நாங்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம்.

“ஒரு ஓட்டையப் போட்டுக் கவுத்தா களக்குக் களக்குன்னுதான ஊத்தும். எதுத்தாப்புல இன்னொரு ஓட்டை போட்டா கம்பி கணக்கா வரும். நீங்க ஒண்ணுதான போட்டிருக்கீங்க?”

தம்பி சொன்னான்: “ஆத்தா சொல்றதுதான் சார். ஏர் பைப் வைக்கணும். மாடி வீட்டுல எல்லாம் வப்பாங்க. இங்க யாரும் கேக்க மாட்டாங்கன்னு வைக்கல.”

வைப்பது என்று தீர்மானமான பிறகும் அது சுலபத்தில் முடியவில்லை. முதலில் தம்பி தன் வசதிக்குச் சுவருக்கு வெளியே, கீழே, தரைக்குப் பக்கத்தில் ஒரு டீ போட்டு அதிலிருந்து ஒன்றரை அங்குலக் குழாயை மேலே ஏற்றினான். சத்தம் பாதி குறைந்தது, ஆனால் வளைவு இன்னும் காலியாயிற்று. நாங்கள் ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். விஷயம் இதுதான்: வளைவின் மேட்டைத் தாண்டிய தண்ணீர், காற்றைச் சந்திப்பதற்கு முன்னால் கீழே இறங்க ஆரம்பித்துவிட்டால், வளைவும் இறங்குகிற குழாயும் சேர்ந்து ஒரு சைஃபன் ஆகிவிடும். அதற்கப்புறம் எத்தனை உயரத்துக்குக் குழாய் ஏற்றினாலும் பிரயோஜனம் இல்லை. காற்று வந்து சேர வேண்டிய இடம், மேட்டைத் தாண்டியவுடனே, குழாய் இன்னும் ஏறக்குறையப் படுத்திருக்கிற இடம். சுவரை மறுபடி உடைத்தோம். அத்தை புடவையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தூசிக்குள் நின்று பார்த்தாள். இந்தமுறை டீ சமையலறைச் சுவருக்குள்ளேயே வந்தது. அங்கிருந்து குழாய் நேராக மேலே, கூரையைத் தாண்டிக் கைப்பிடிச் சுவருக்குமேல் இரண்டடி. உச்சியில் ஒரு தொப்பி, தொப்பிக்குள் கொசுவலை.

கொசுவலை என்றவுடன் தம்பி, “டேங்க் பைப்புலயும் வலை கட்டணும் சார், அதுல என்ன இருக்குன்னு பாக்குறேன்” என்று கொல்லைக்குப் போனான். செப்டிக் டேங்குக்கென்று தனியாக ஒரு காற்றுக்குழாய் உண்டு. சுவரோரம் ஆளுயரத்துக்கு நிற்கும். திரும்பி வந்து கையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் காட்டினான். சென்னை ஜவுளிக்கடை ஒன்றின் பை. வெயிலில் வெளுத்துப் பொடிந்திருந்தது. சணலால் நாலு சுற்றுச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது.

“எந்தப் புண்ணியவான் கட்டினான்னு தெரியல. இருக்குற வாயு பூரா எங்கதான் போகும்? சிங்க் வழியாத்தான் வரும்.”

அது நான்தான். 2024 பொங்கலுக்கு வந்திருந்தபோது டெங்கு பற்றி எங்கு பார்த்தாலும் பேச்சு. டேங்க் குழாயில் கொசு முட்டையிடும், வலை கட்டி மூடுங்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். வலை கிடைக்கவில்லை. அத்தைக்கு வாங்கிவந்த புடவையின் பை கிடைத்தது. மாமாவின் பழைய ஸ்டூலில் ஏறிக் கட்டியதும், இறங்கி அவளிடம் “இனி ஒரு கொசு வராது” என்று பெருமையாகச் சொன்னதும் எனக்கு நன்றாக ஞாபகம் வந்தது. அந்தப் பொங்கலுக்குப் பிறகுதான் அவள் தொலைபேசியில் சொல்ல ஆரம்பித்தாள். இடையில் இருந்த ஒரே வித்தியாசம் அந்தப் பைதான். நான் பையைக் கட்டிவிட்டு ஊருக்குப் போய், அதன் விளைவைப் பற்றிக் கவிதை எழுதியிருக்கிறேன்.

தம்பியிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. “மருந்தும் அப்படித்தான் சார். வெறுந்தரையில கொட்டிப் பத்தவச்சா புஸ்ஸுனு எரிஞ்சிரும். காகிதத்துல சுத்தி இறுக்குனாத்தான் வெடி. அதான் ரூமுக்கு நாலு பேர்தான், கதவு வெளிப்பக்கம்தான் தொறக்கணும்னு எழுதிப் போட்டிருப்பாங்க” என்றான். அதற்குமேல் அவனும் அந்த விஷயத்தைப் பேசவில்லை. வலையைக் கட்டிவிட்டுப் பசை டப்பாவை மூடினான்.

அத்தையிடம் சொல்ல இரண்டு நாள் ஆயிற்று. சொன்னபோது, “கொசுவுக்குத்தான கட்டுன” என்றாள். பிறகு ஒரு நிமிஷம் கழித்து, “அப்ப அது மனசு இல்ல” என்றாள். கேள்வி மாதிரி இல்லை. ஒரு வருஷத்துக்கு மேலாகத் தன்னைப் பற்றித் தனக்கு இருந்த ஒரு சந்தேகத்தை எடுத்து ஓரமாக வைக்கிற மாதிரி இருந்தது. அந்தச் சந்தேகம் நான் கொடுத்தது.

இந்தக் குழாய்க்குத் தமிழில் என்ன பெயர் என்று யோசித்துக்கொண்டே பஸ்ஸில் திரும்பினேன், பழக்கதோஷம். புகைபோக்கி மாதிரி காற்றுபோக்கி என்கலாம். ஆனால் அது பொருந்தாது. தொட்டிக் குழாயின் முக்கியமான வேலை காற்றை உள்ளே விடுவது, வெளியே போக்குவது அல்ல. சிலப்பதிகாரத்தில் சாளரத்துக்குக் காலதர் என்று ஒரு சொல் இருக்கிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. எந்தப் பக்கத்துக்கு வழி என்று அந்தச் சொல் அடம்பிடிப்பதில்லை. தம்பியிடம் போனில் சொன்னேன். நன்றாயிருக்கிறது என்றான். அடுத்த தடவை பேசும்போது ஏர் பைப் என்றுதான் சொன்னான்.

கவிதையைத் தொகுப்பில் சேர்க்கவில்லை. சேர்க்கலாம், கவிதையின் உண்மை வேறு, குழாயின் உண்மை வேறு என்று ஒரு நண்பர் வாதாடினார். அவருக்கு அந்த வீட்டில் ஒரு ராத்திரி படுத்துப் பார்க்க வாய்ப்பில்லை.

ஒரு மாதம் கழித்து அத்தையைக் கூப்பிட்டேன். தண்ணீர் எப்படிப் போகிறது என்று கேட்டேன். கம்பி கணக்காகப் போகிறது, சத்தமே இல்லை என்றாள். வாடை?

“வாடை சுத்தமாப் போயிருச்சுய்யா.”

சரி, நிம்மதியாகத் தூங்குங்கள் என்றேன்.

“முழிப்பு மட்டும் அதே நேரத்துக்கு வருது” என்றாள். “எந்திரிச்சுப் போயி ஒரு டம்ளரக் கழுவி வச்சுட்டு வந்து படுத்துக்கிடுதேன்.”